ஏழரை மடிப்பு

நாளைக் காலை ஒன்பதரைக்கு
முடிதிருத்தும் கொன்னோவின் மனையில்
மண்ணைச் சாந்தப்படுத்த வேண்டும்.
தாளை விரித்து மை அரைக்கிறேன்.

நொரித்தோவின் வார்த்தைகள் பழையவை,
வாய் பட்டுப் பட்டுப் படித்துறைக் கல்போல் வழுவழுத்தவை.
கால் வைத்தால் போதும்
தண்ணீர் வரைக்கும் தாமே இறக்கிவிடும்.
நடுவில் மட்டும் ஒரு வெற்றிடம்:
இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன எண்,
இவ்விடத்தைத் தூய்மை செய்து
அஞ்சி அஞ்சிச் சொல்கிறேன் என்று வரும்.
அங்கே வந்து தூரிகை நின்றது.

நகராட்சித் தாளில்
பதினான்காம் தொகுதி, மனை மூன்று.
கொன்னோ தொலைபேசியில் சொன்னது
ஹமாதா தெரு, இரண்டு ஏழு.
இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவே
பதினோரு மீட்டர் மண்.

அலை வந்து போன பிறகு
ஊரையே தூக்கி வைக்கலாம் என்றார்கள்.
எதிர்க் குன்றை வெட்டி
ஓடும் பட்டையில் ஏற்றி ஆற்றைக் கடத்தி
மூன்று வருடம், இரவும் பகலும்,
தெருக்களின் மேல் கொட்டினார்கள்.
அந்தக் குன்றின் உச்சியில்தான் என் கோயில்.
அவரை இடம் பெயர்த்ததும் நான்தான்.
வெள்ளைத் துணி போர்த்தி,
என் மூச்சு படாமலிருக்க வாயில் தாள் கவ்வி,
காரின் பின்னிருக்கையில்
இருக்கைப் பட்டையும் மாட்டி.
முழுதாக வந்துவிட்டீர்களா என்று
அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நாளை நான் அழைத்தால் யார் எழுந்து வருவார்?
அடியில் படுத்திருக்கும் பழைய நிலத்துக்காரரா,
மேலே வந்து விழுந்த என் குன்றுக்காரரா?
ஒருவர் பேரைச் சொல்லி
இன்னொருவர் தோளில் வீடு கட்டச் சொல்வதா?

மணி இரண்டு. கல்லில் மை காய்ந்துவிட்டது.
மறுபடி அரைத்துப் புதிய எண்ணை எழுதினேன்.
பக்கத்தில், சின்னதாக, ஹமாதா.

*

நான்கு பச்சை மூங்கில், வைக்கோல் கயிறு,
கயிற்றில் படபடக்கும் வெள்ளைத் தாள்கள்.
அரிசி, உப்பு, முள்ளங்கி,
தலையும் வாலும் வளைத்துக் கட்டிய சங்கரா மீன்.
மடக்கு நாற்காலியில் கொன்னோ,
கறுப்புக் கோட்டு, தானே வெட்டிக்கொண்ட முடி.
ஒப்பந்தக்காரர் இவாபுச்சி, முப்பது வயதுப் பெண்,
தலைக்கவசத்தை மடியில் வைத்திருந்தாள்.

அழைப்பில் சொல் கிடையாது. வெறும் ஓ.
அடிவயிற்றில் தொடங்கி ஏறித் தாழும்.
அடுத்த மனையில் பின்னால் நகர்ந்த லாரி
பீப் பீப் என்று கூடவே பாடியது.
யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள்.

பதினான்காம் தொகுதி என்றேன்.
மனை மூன்று என்றேன்.
ஹமாதா தெரு, இரண்டு ஏழு என்றபோது
குரல் தானாக இறங்கிவிட்டது
கிணற்றுக்குள் குனிந்து பேசுவதுபோல.
இவாபுச்சி தலை தூக்கினாள்.
சடங்கு நடுவே தூக்கக் கூடாது.
மீனின் கண்ணில் ஓர் ஈ.
அஞ்சி அஞ்சிச் சொல்கிறேன் என்று முடித்தேன்.
முப்பது வருடத்தில் முதல் முறையாக
அந்தச் சொல்லுக்குள் அச்சம் இருந்தது.

கொன்னோ மரக்கொத்தால் மணல் குவியலை
மூன்று முறை தொட்டார். ஏய், ஏய், ஏய்.
அஸ்திவாரத்தில் புதைக்கிற பெட்டியைக் காட்டி
எவ்வளவு ஆழம் என்று கேட்டார்.
ஒரு மீட்டர் என்றாள் இவாபுச்சி.
தலையாட்டினார்.

வண்டி ஓட்ட வேண்டும் என்று
சாக்கேயில் உதட்டை மட்டும் நனைத்து
மீதியைக் காலடியில் ஊற்றினார்.
குன்று மண். கண் மூடித் திறப்பதற்குள் குடித்தது.
போதும் என்று சொல்லவில்லை. இன்னும் என்றும்.

தாளை ஏழரையாக மடித்தேன். விதி அது.
ஏழு சரி. அந்த அரை எதற்கென்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

காணிக்கை உறையைத் தந்துவிட்டு
ரசீது வேண்டும் என்றார், வரிக் கணக்குக்கு.
பெயர் எழுதினேன். தொகை எழுதினேன்.
மூன்றாவது கட்டம் முகவரி.
பேனாவை அவரிடம் நீட்டினேன்.